நாளின் தலைமீன்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் மார்கழி பிறந்திருக்கும். விடியுமுன் கோயில் நடை திறக்கும். ஒலிபெருக்கியில் திருப்பாவையும் திருவெம்பாவையும் கேட்கும். ஆண்டாளின் 30 பாசுரங்களை நாளுக்கு ஒன்றாகப் பாடிவருவது நம் வழக்கம். திருமலையிலும் இந்த மாதம் முழுக்க சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவைதான் ஒலிக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது கிறிஸ்துமஸை எதிர்நோக்கியிருக்கும் நாட்கள். மாலையானால் தெருவில் கேரல் பாடி வருவார்கள்.

எங்களுக்கு வரும் கடிதங்களில் இந்தச் சமயத்தில் ஒரு ஏக்கம் கூடுதலாகத் தெரியும். முன்பெல்லாம் குளித்து விளக்கேற்றி இரண்டு பாட்டாவது சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன், இப்போது பிள்ளைகளைக் கிளப்பி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் காலை முடிந்துபோகிறது என்று எழுதுகிறார் வேலைக்குப் போகும் தாய். கடையை மூடி வீடு திரும்பும்போது ராத்திரி பதினொன்று, அதற்குமேல் செபமாலையைக் கையில் எடுத்தால் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் தூங்கிவிடுகிறேன் என்கிறார் இன்னொருவர். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், கோயிலுக்குப் போய் எத்தனையோ மாதமாயிற்று என்கிறார். சொல்லும் விதம் வேறு வேறு. எல்லாருடைய வருத்தமும் ஒன்றுதான். சாமி கும்பிட நேரமில்லை.

அந்த வருத்தத்தைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேரமில்லையே என்று மனம் அடித்துக்கொள்கிறதென்றால் நம்பிக்கை உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். பசி எடுக்கிறவருக்குத்தானே சாப்பாட்டு நினைவு வரும்? ஆகவே உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தப் பசிக்கு இந்த ஓட்டத்துக்கு நடுவிலேயே எப்படிச் சோறு போடுவது என்று மட்டும் யோசிப்போம்.

பக்தி என்றாலே நமக்குத் தோன்றுவது, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுக்கோ மடத்துக்கோ போனவர்களின் படம். நம் பெரியபுராணத்தைத் திறந்து பாருங்கள். 63 நாயன்மார்களில் குயவர் உண்டு, வண்ணார் உண்டு, மீனவர் உண்டு. எண்ணெய் வணிகர் இருக்கிறார், அரசர்கள் இருக்கிறார்கள், படைத்தலைவர் இருக்கிறார். பெரும்பாலோர் தொழிலும் குடும்பமும் உள்ளவர்கள். திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியில் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்தார். அதுவே அவருடைய வழிபாடு. இவர்கள் கதையைப் பாடிய சேக்கிழாரும் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது வரலாறு. அலுவலக நெருக்கடி என்றால் என்னவென்று தெரிந்தவர்தான் அந்தக் காப்பியத்தைக் கட்டினார்.

அந்த வரிசையில் நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தரை இந்த மாதம் நினைத்துக்கொள்ளச் சொல்வேன். பரதவர்களின் தலைவர். கடலில் வலை வீசி எடுக்கும்போதெல்லாம், அகப்பட்டதில் தலையாய ஒரு மீனைச் சிவனுக்கு என்று சொல்லித் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார். வலை நிறைய மீன் வந்த நாளில் இது பெரிய காரியமாகத் தெரியாது. பிறகு மீன்வளம் குன்றியது. ஒரு நாளைக்கு ஒரே மீன் என்ற நிலை வந்தது. அந்த ஒன்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு கரை திரும்பினார். வீட்டில் பட்டினி. கடைசியில் ஒருநாள் பொன்னும் மணியுமாக ஒளிவிடும் மீன் ஒன்று வலையில் வந்தது. அதையும் கடலுக்கே விட்டார் என்கிறது கதை. நாகையில் ஆவணி மாதத்தில் இன்றைக்கும் மீனவர்கள் இதை விழாவாக நடத்துகிறார்கள். பொன்மீனைக் கடலில் விடும் அந்தக் காட்சியைக் காணப் பெருங்கூட்டம் கூடும்.

அதிபத்தரைப் போலப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. அவர் எதை முதலில் எடுத்து வைத்தார் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். மீன்களையெல்லாம் விற்று, வீட்டுக்கு எடுத்து, உறவுக்குக் கொடுத்து, மிஞ்சினால் சாமிக்கு என்று அவர் வைத்திருந்தால் ஒரு மீனும் மிஞ்சியிருக்காது. நம் நாளும் அப்படித்தான். எல்லா வேலையும் முடிந்தபின் நிதானமாக உட்கார்ந்து பிரார்த்தனை செய்யலாம் என்று நினைக்கிறோம். எல்லா வேலையும் முடிந்த நாள் என்று ஒன்று இதுவரை யாருக்கும் வந்ததில்லை. நேரம் கிடைத்தால் வேண்டிக்கொள்வேன் என்பவருக்கு நேரம் கிடைக்காது. இன்ன நேரம் என்று முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டவருக்கு அது கிடைத்துவிடுகிறது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இவ்வளவே: நாளின் தலைமீனைக் கடவுளுக்கு எடுத்து வையுங்கள். அது மிகச் சின்ன மீனாக இருந்தாலும் போதும்.

எடுத்து வைக்கும் இந்த முறையை நம்மைச் சுற்றியுள்ள சமயங்கள் எல்லாமே நன்றாக அறிந்திருக்கின்றன. பெரிய சிவாலயங்களில் ஆறு காலப் பூசை. அதிகாலை உஷத்காலத்தில் தொடங்கி, காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம் என்று போய் அர்த்தசாமத்தில் பள்ளியறை சேரும் வரை, பார்க்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மணி அடிக்கும், தீபம் காட்டப்படும். அர்ச்சகருக்கு இன்று மனநிலை எப்படி என்று யாரும் கேட்பதில்லை. வேளை வந்தது, பூசை நடக்கிறது.

இஸ்லாமியக் குடும்பங்களில் சுபுஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஐந்து வேளை. கடைவீதியில் பாங்கு ஒலித்ததும், பக்கத்துக் கடைக்காரரிடம் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒளு செய்யப் போகும் வியாபாரியைப் பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. அந்த ஒழுங்கில் இருக்கும் கனிவையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தொழுகைக்கும் தொடக்கமும் முடிவுமாக ஒரு கால அளவு உண்டு, அதற்குள் தொழுதுவிடலாம். பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். உட்கார முடியாதவர் படுத்தபடியே தொழலாம். தவறிப்போனதைக் களாவாக நிறைவேற்றவும் வழி உண்டு. வண்டி ஓட்டுகிறவர், நோயாளி, அசந்து தூங்கிவிட்டவர் என்று மனிதர்களின் எல்லாக் கஷ்டங்களையும் எண்ணிப் பார்த்து வகுத்த முறை இது. வேளை மாறாது, ஆளின் நிலைக்கேற்ப அளவு மட்டும் இளகிக்கொடுக்கும்.

கத்தோலிக்கக் கோயில்களில் காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மணி அடித்து மூவேளைச் செபம் சொல்லும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857 முதல் 1859 வரை வரைந்த புகழ்பெற்ற படம் ஒன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு வயலில் வேலை செய்யும் ஓர் ஆணும் பெண்ணும், மாலை மணி கேட்டதும் கிழங்கு தோண்டும் கருவியைக் குத்தி வைத்துவிட்டுத் தலை குனிந்து நிற்கிறார்கள். பக்கத்தில் பாதி நிறைந்த கூடை இருக்கிறது. வேலை முடியவில்லை, ஆனாலும் நிறுத்தினார்கள். அந்த மூவேளைச் செபத்துக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். பிறகு மறுபடியும் வேலைதான்.

நம் நாட்டில் காந்தியடிகளைவிட வேலை மிகுந்த மனிதர் யார் இருந்தார்? கடிதங்கள், பத்திரிகைக் கட்டுரைகள், பயணங்கள், பேச்சுவார்த்தைகள், சிறை. அத்தனைக்கும் நடுவே ஆசிரமத்தில் விடியலிலும் மாலையிலும் கூட்டுப் பிரார்த்தனை தவறாமல் நடந்தது. பல சமயத்தாரின் பாட்டும் மறை மொழியும் அதில் இடம்பெற்றன. 1948 ஜனவரி 30 அன்று மாலை, சர்தார் படேலுடன் பேச்சு நீண்டுவிட்டதால் டெல்லி பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அவர் சில நிமிடங்கள் தாமதமாகக் கிளம்பினார். பிரார்த்தனைக்குப் பிந்துவது அவருக்குப் பிடிக்காத காரியம், விரைந்து நடந்தார். வழியில்தான் அந்தக் குண்டுகள் பாய்ந்தன. பிளவுபட்ட ஒரு தேசத்தின் சுமை தோளில் இருந்த அந்த நாட்களிலும், மாலைப் பிரார்த்தனை நேரத்தை அவர் வேறு எதற்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். எப்படித் தொடங்குவது?

சின்னதாகத் தொடங்குங்கள். மார்கழி வந்துவிட்டது என்று, நாலு மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்து முப்பது பாசுரமும் சொல்வேன் என்று சங்கல்பம் செய்துகொண்டு, நாலாம் நாள் உடம்பு ஒத்துழைக்காமல் முழுவதையும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அன்றைய பாசுரம் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிகத்தில் இரண்டு பாட்டு, ஒரு சங்கீதம், செபமாலையில் ஒரே ஒரு பத்துமணி. சொல்லி முடித்தபின் ஒரு நிமிடம் ஒன்றும் கேட்காமல் சும்மா இருங்கள். ஐந்து நிமிடத்தில் இவ்வளவும் முடியும். கடவுளுக்கு ஒரு பச்சிலை சாத்துவது எல்லாராலும் ஆகக்கூடியது என்று திருமூலர் காட்டிய வழி இதற்குத்தான்.

அந்த ஐந்து நிமிடத்தை, நீங்கள் எப்படியும் தினமும் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். நம் கடைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, படத்துக்குப் பூ வைத்து ஊதுபத்தி காட்டாமல் முதல் வியாபாரம் நடக்காது. ஆட்டோக்காரர் முதல் சவாரிக்கு முன் ஹேண்டில்பாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். தையல்காரர் மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பெடலில் கால் வைக்கிறார். இந்தப் பழக்கத்துக்கு அலாரம் தேவைப்படுவதில்லை. வேலை வந்தால் கூடவே வணக்கமும் வந்துவிடுகிறது. நீங்களும் அப்படியே செய்யலாம். பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைக்குமுன் இரண்டு நிமிடம். வண்டிச் சாவியைத் திருப்புமுன் ஒரு வேண்டுதல். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திறக்கும் நேரத்தில் கண்மூடி ஒரு பெயர். மும்பைப் புறநகர் ரயில்களில் வேலைக்குப் போகிறவர்கள் குழுவாகச் சேர்ந்து தாளம் தட்டிப் பஜனை பாடிக்கொண்டே போவார்கள். தினமும் போக வேண்டிய ரயில். தினமும் பாடும் நேரமும் அதுவே.

இரவுப் பணி பார்க்கிறவர்கள், செவிலியர், காவலர், ஐ.டி. ஊழியர்கள், காவலாளிகள், காலைப் பூசை தவறுகிறதே என்று வருந்த வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு விழிக்கிறீர்கள் என்றால் உங்கள் விடியல் அதுதான். உங்கள் வேளையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இடமும் ஒன்று வேண்டும். தனிப் பூஜை அறை எல்லார் வீட்டிலும் இருக்காது. அலமாரியில் ஒரு தட்டு போதும். விடுதியில் இருக்கும் பெண் பீரோ கதவின் உட்புறம் ஒரு படத்தை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்துக்கு முன் நின்றதும் உடம்பு தானாக அடங்கும். தினமும் நின்று பழகினால் இதை நீங்களே உணர்வீர்கள். ஒன்று மட்டும் கவனம். பாட்டுப் போடலாம் என்று செல்போனை எடுத்தால் வாட்ஸ்அப் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த ஐந்து நிமிடம் போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

கூடவே, ஏதாவது ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நம் பாட்டிகளுக்குக் கந்தர் சஷ்டி கவசமோ, அபிராமி அந்தாதியோ, சிறு சூராக்களோ, சங்கீதங்களோ மனப்பாடமாக இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தார்கள். தோசை வார்க்கும்போது அவர்கள் வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். பழகிய வார்த்தைகளின் அருமை நெருக்கடியில்தான் தெரியும். மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில், கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நிற்கும்போது புதிதாகப் பிரார்த்தனை செய்ய நமக்கு வார்த்தை வராது. தினமும் சொல்லிச் சொல்லி நாவில் ஊறியதுதான் அப்போது வரும். நல்ல நாட்களில் நாம் செய்யும் அந்த ஐந்து நிமிடம், கெட்ட நாளில் நம்மைத் தாங்க முன்கூட்டியே சேர்த்து வைப்பது.

சிலர் கேட்பார்கள்: உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லையே, வாய் மந்திரம் சொல்லும்போது மனம் கரண்ட் பில்லைக் கணக்குப் போடுகிறதே, இப்படிச் செய்வதில் என்ன பயன்? பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மல் சபை மடத்தின் சமையற்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் இதற்கு நல்ல துணை. படைவீரராக இருந்து துறவுக்கு வந்தவர். படிப்பு அதிகம் இல்லாததால் அவருக்குக் கிடைத்தது அடுப்படி வேலை. அந்தச் சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவிலேயே கடவுளோடு பேசிப் பழகிக்கொண்டார். மனம் விலகிப்போய்விட்டதைக் கண்டால் தன்னை நொந்துகொள்ளாமல் சாந்தமாகத் திரும்பி வந்துவிடுவது அவர் வழக்கம். 1691-ல் அவர் மறைந்தபின், அவருடைய பேச்சுகளையும் கடிதங்களையும் தொகுத்து வந்த சிறு நூலை இன்றும் உலகமெங்கும் படிக்கிறார்கள். விலகிப்போன மனம் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரார்த்தனைதான். ஐந்து நிமிடத்தில் பத்துத் தடவை திரும்பி வந்தீர்கள் என்றால், பத்துத் தடவை கடவுளை நோக்கி முகம் திருப்பினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூசைக்குப் பூவில்லை, வில்வமில்லை, மடியாகச் செய்ய வசதியில்லை என்று தயங்குகிறவர்களுக்குச் சாக்கிய நாயனார் இருக்கிறார். காஞ்சியில் பௌத்தத் துறவியின் உடையில் இருந்தபடியே சிவனிடம் அன்பு வைத்தவர். வெட்டவெளியில் ஒரு லிங்கத்தைக் கண்டு, அன்பு பொங்கி, கையில் கிடைத்த ஒரு கல்லையே பூவாக எறிந்தார். மறுநாளும் அந்த இடத்துக்கு வந்தபோது முந்திய நாளின் நினைவு வந்தது. அன்றுமுதல் ஒரு கல் எறிந்துவிட்டுத்தான் உண்பது என்று நியமம் ஆக்கிக்கொண்டார். ஒருநாள் மறந்து இலைமுன் உட்கார்ந்துவிட்டார். நினைவு வந்த கணமே சோற்றை விட்டு எழுந்து ஓடி, கல்லை எறிந்தார். இறைவன் அவருக்குக் காட்சி கொடுத்தது அந்த ஓட்டத்துக்குத்தான் என்கிறது புராணம். பூசைப் பொருள் கல். ஆனாலும் ஒருநாளும் விட மனமில்லாத அந்தப் பிடிப்பு அவரை நாயன்மார் வரிசையில் உட்கார வைத்தது. ஒருநாள் தவறிவிட்டால் நாமும் அவ்வளவுதான் செய்ய வேண்டும். நினைவு வந்ததும் எழுந்து போவது. நேற்று விட்டதற்கு இன்று இரண்டு மடங்கு என்ற கணக்கும் வேண்டாம். இனி என்ன இருக்கிறது என்ற சலிப்பும் வேண்டாம்.

இனி நான் சொல்லப்போவதை வீட்டிலுள்ள ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நம் வீடுகளில் வழிபாட்டுக்கான வேலை முழுவதும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான். விளக்கைத் துலக்குவது, பூத்தொடுப்பது, கோலம் போடுவது, நைவேத்தியம் செய்வது எல்லாம் அம்மா. எல்லாம் தயாரானதும் வந்து நின்று ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மற்றவர்கள். அப்போதும் அம்மாவின் ஒரு காது குக்கர் விசிலில் இருக்கும். ரமலானில் எல்லாரும் எழுமுன் எழுந்து சஹர் உணவு ஆக்குவதும், மாலையில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும் பெரும்பாலும் பெண்களே. நோன்பும் வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் செய்கிறார்கள். ஞாயிறு காலையில் எல்லாரையும் குளிக்க வைத்து உடுத்திக் கோயிலுக்குக் கிளப்பிவிட்டு, பூசை பாதியில் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நிற்பதும் அந்தத் தாய்தான். வீட்டுக்கே பக்தியைப் பரிமாறுகிறவருக்குத் தனக்கென்று உட்கார நேரமில்லை.

இதை மாற்றுவது கடினமே இல்லை. ஒருவர் சாமி முன் உட்கார வேண்டுமானால் இன்னொருவர் விசிலை எண்ண வேண்டும். அப்பா பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு டிபன் பாக்ஸைக் கட்டட்டும். மகன் தாத்தாவுக்குக் காபி கொடுக்கட்டும். அந்த ஐந்து நிமிடம் அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது. துண்டு எங்கே, சாக்ஸ் எங்கே என்ற கேள்விகள் காத்திருக்கட்டும். அப்படி அவருக்கு நேரம் எடுத்துக் கொடுப்பவர், தானும் வழிபட்டவர்தான் என்பது என் உறுதியான நம்பிக்கை. வேண்டுதல் நேரத்தைத் தனியொருவர் முயற்சியாக மட்டும் பார்க்காமல், குடும்பமே சேர்ந்து ஒவ்வொருவருக்கும் உண்டாக்கிக் கொடுப்பதாகப் பார்த்தோமென்றால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் கைக்குழந்தைத் தாய்மார்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் தலையில் இன்னொரு கடமையை ஏற்ற எனக்கு மனமில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில், பெரியவரின் முதுகைத் துடைத்துவிடும் நேரத்தில், தெரிந்த ஒரு நாமத்தை மெல்லச் சொல்லிக்கொண்டிருங்கள். வேலை செய்யும் அந்தக் கைகளே உங்கள் வழிபாட்டைச் செய்துகொண்டிருக்கின்றன. கோயிலுக்குப் போக முடியவில்லையே என்ற குற்ற உணர்வு உங்களுக்கு வேண்டியதில்லை.

தினசரி வேளை ஓரளவு நிலைத்தபின் வாரத்துக்கு ஒன்றும் மாதத்துக்கு ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். ஜும்ஆவும் ஞாயிறு ஆராதனையும் இருப்பவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஊரோடு சேர்ந்து நிற்கும் வாய்ப்பு இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் செவ்வாயோ வெள்ளியோ ஒருநாளைக் குறித்துக்கொள்ளலாம். மாதத்துக்கு இரண்டு பிரதோஷம் வருகிறது. ஒன்றுக்காவது அலுவலகத்திலிருந்து சற்று முன்னதாகக் கிளம்ப முடிகிறதா என்று பாருங்கள். கூட்டத்தோடு நின்று கும்பிடுவதில் ஒரு பலம் இருக்கிறது. நம் மனம் சோர்ந்திருக்கும் நாளில் பக்கத்தில் நிற்பவரின் பாட்டு நம்மைத் தூக்கிவிடும்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தனி வகுப்பு எதுவும் வேண்டாம். அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தினமும் சற்றுநேரம் அமைதியாக உட்காருவதைப் பார்த்தாலே அவர்கள் கற்றுக்கொள்வார்கள். வற்புறுத்தி உட்கார வைத்தால் மார்க் வாங்கும் சமாசாரமாகிவிடும். படுக்கப்போகுமுன் அன்றைக்கு நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி நன்றி சொல்லச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லாத ஒரு நண்பனுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களுடைய முதல் பிரார்த்தனை அப்படித் தொடங்கினால் நன்றாக இருக்கும்.

ஏனென்றால் வேண்டுதல் நம்மோடு நின்றுவிடக் கூடாது. வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது; வந்தவர்க்கெல்லாம் அங்கே சோறு கிடைக்கிறது. உயிர்களிடம் காட்டும் இரக்கத்தையே கடவுள் வழிபாடு என்று வைத்தவர் அவர். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த அடுப்பு எரிகிறதென்றால், ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் வேளை தவறாமல் விறகு வைத்திருக்கிறார். பக்தியின் ஒழுங்கு பசித்தவரின் வயிற்றுக்குப் போய்ச் சேரும் இடம் அது. உங்கள் ஐந்து நிமிடத்திலும் ஒரு நிமிடத்தை இன்னொருவருக்காக வையுங்கள். அடுத்த வீட்டு முதியவர், வேலை போன உறவினர், பேச்சு நின்றுபோன தோழி என்று யாராவது ஒருவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். தினமும் ஒருவருக்காக வேண்டிக்கொண்டே வந்தால், நாலைந்து நாளில் அவருக்கு ஒரு போன் செய்யத் தோன்றும். போய்ப் பார்க்கத் தோன்றும். அப்படித் தோன்றும்போது தள்ளிப்போடாதீர்கள்.

எல்லா நாளும் இனிமையாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டது கிடைக்காத நாள் வரும். இழப்பு நேர்ந்த வீட்டில் விளக்கேற்றவே கை வராது. கோபம் வரும்; யாரிடம் பேசுகிறோம் என்ற சந்தேகம்கூட வரும். அந்த நாட்களிலும் அதே இடத்தில் அதே நேரத்தில் வந்து உட்காருங்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றால் அதையே சொல்லுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தையே சொல்லுங்கள். நம் அடியார்கள் இறைவனோடு சண்டை போட்டிருக்கிறார்கள். கண் பார்வை இழந்த சுந்தரர் நேருக்கு நேர் உரிமையோடு முறையிட்டிருக்கிறார். உறவு இருக்கும் இடத்தில்தான் சண்டையும் இருக்கும். வந்து உட்காரும் பழக்கத்தை மட்டும் கைவிடாதீர்கள். மனம் வராத நாட்களில் நம்மைக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தப் பழக்கம்தான்.

ஆகவே இந்த மார்கழியில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும், நாளைய பொழுதில் உங்கள் ஐந்து நிமிடம் எது என்று முடிவு செய்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய ஐந்து நிமிடம் எது என்றும் கேளுங்கள். தை பிறக்கும்வரை அதைக் காத்து வாருங்கள். பொங்கலுக்குப் பிறகு எங்களுக்கு எழுதுங்கள். எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவந்தது, என்ன இடைஞ்சல் வந்தது, வீட்டில் யார் கைகொடுத்தார்கள் என்று எழுதுங்கள். உங்கள் அனுபவம் இன்னொரு வீட்டுக்கு வழிகாட்டும். அந்தக் கடிதங்களுக்கு இந்த இதழில் கட்டாயம் இடம் உண்டு.

நீங்கள் எந்தப் பெயரில் அழைத்தாலும், உங்கள் குரலுக்காகக் காத்திருப்பவர் அவர். உங்கள் வீட்டில் உழைப்பவர்களுக்கு ஓய்வையும், நோயில் இருப்பவர்களுக்கு நலத்தையும், கலங்கியிருப்பவர்களுக்குத் துணிவையும் அவர் அருளட்டும். நாளைக் காலை என் வேளையில் உங்கள் எல்லாருக்காகவும் நானும் வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்